'மெதுவாக' என்பதற்கான சைகை

தொண்ணூற்று நான்கு வயது என்றார் பாதிரியார்.
தொண்ணூற்று மூன்று, என்றான் ஸெனெக்
என் காதுக்குள்.
போர் முடிந்த பசியில், கப்பல் தளத்தில் வேலை கேட்டவள்
ஒரு வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தாள்.
ஊரில் யாரிடம் வாங்கிய கடனையும் வைத்திருந்தவளில்லை.
அந்த ஓராண்டை மட்டும்
அரசுக்குத் திருப்பித் தரவேயில்லை.

சலோமேயா, எங்கள் அம்மா,
கிதினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள்,
முப்பத்தொரு வருடம்.
நூற்று எண்பத்தாறு படி, செங்குத்தாய்.
மேலே கண்ணாடிக் கூண்டு, கம்பு ரொட்டி, உப்பு மீன்,
தெர்மோஸில் தேநீர் பாதிதான்:
இறங்கி ஏற இருபது நிமிடம் ஆகும்,
கீழே ஆண்கள் கடிகாரம் பார்ப்பார்கள்.

பள்ளிக்குப் போகும் மேட்டுத்தெரு வளைவில்
நானும் ஸெனெக்கும் தொப்பியைக் கழற்றி ஆட்டுவோம்.
தொலைவில், சாம்பல் கடலுக்கு முன்னால்,
அது அசையும். இடம், வலம். இன்னொரு முறை இடம்.
மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் கையசைத்தார்கள்.
எங்கள் அம்மா
ஆள் உயரக் கொக்கியை அசைத்தாள்.

எழுபதாம் ஆண்டு டிசம்பர்,
ரயில் நிலையப் பக்கம் துப்பாக்கி கேட்ட காலையில்
பாதி வழியில் திரும்பி வந்தாள்.
கையில் ஒற்றைப் பூட்ஸ், அவளுடையதல்ல.
கழுவினாள், துடைத்தாள், கணப்பின் அருகே வைத்தாள்.
யாரும் வந்து கேட்கவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

நல்லவள்தான், ஆனால் அப்படியொன்றும் நல்லவளில்லை.
முத்தம் கொடுக்கத் தெரியாது அவளுக்கு.
சூப்பில் உப்பை அள்ளிப் போடுவாள்.
நான் முதலில் கூட்டிவந்தவனை
அவன் மேலங்கியோடு சேர்த்துப் படியில் இறக்கிவிட்டாள்
(பின்னால் தெரிந்தது, அவள் செய்தது சரி).
பேரன் பேத்திகளோடு சீட்டாடினால் கூசாமல் ஏமாற்றுவாள்,
வென்ற சில்லறையில் சிகரெட் வாங்குவாள்.
கயேத்தானுக்கு முப்பத்தெட்டு வயது.
இன்னும் அந்த நாலு ஸ்வோட்டி வரவேண்டும் என்கிறான்.

இரண்டு வருடம் முன்பு, ஒரு விடியலில்
சொற்கள் எல்லாம் அவளை விட்டுப் போயின.
ஆஸ்பத்திரியில் ஓயாமல் விரலைச் சுழற்றினாள்.
ஈ ஓட்டுகிறாள், பாவம் என்றாள் செவிலி.
ஸெனெக் அதே தளத்தில் மூன்று வருடம்
கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டியவன்.
ஈ இல்லை அம்மணி, என்றான்.
'மேலே தூக்கு' என்கிறாள்.
தலையணையைத் தூக்கினோம்.
அதுதான்.

பிறகு அந்த மொழியிலேயே இருந்தோம்.
விரல் கீழ் நோக்கிச் சுழன்றால்: இறக்கு.
அந்த விரலுக்கு மேல் மறு உள்ளங்கை
அசையாமல் நின்றால்: மெதுவாக.
இரு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டால்:
போதும். எல்லாம் அப்படியே நிற்கட்டும்.

பெட்டிக்குள் அவள் கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள்,
நடுவே ஜெபமாலை.
வந்தவர்கள் அதில் பிரார்த்தனையைப் பார்த்தார்கள்.
நான் ஸெனெக்கைப் பார்த்தேன்.
அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி. கடப்பாரை கொண்டு உடைத்த மண்.
நான்கு பேர், இரண்டு வார்ப்பட்டை.
கால் பக்கம் சற்று வேகமாக இறங்கியது.
என் கை எனக்கு முன்பே எழுந்துவிட்டது:
கீழ் நோக்கி ஒரு விரல், அதன் மேல் ஒரு உள்ளங்கை.
குழிக்காரர்களில் மூத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.
எந்தத் தளத்தில் இருந்தாய் என்று
நான் அவனைக் கேட்டிருக்க வேண்டும்.
பட்டை தளர்ந்தது, சமமானது,
அம்மா மெதுவாகப் போனாள்.

சேமியா சூப் சாப்பிட மேட்டுத்தெரு வழியே நடந்தோம்.
கம்பளித் தொப்பி யாருக்கு என்று
அதற்குள் பேச்சு ஆரம்பித்திருந்தது.
வளைவில் கொள்ளுப்பேத்தி போலா நின்றாள்.
யார் சொன்னார்களோ, தொப்பியைக் கழற்றி
துறைமுகத்தைப் பார்த்து ஆட்டினாள்.
நாங்களும் நின்றோம்.

கொக்கி ஆடவில்லை.
அங்கே யாரோ ஒருவர், கூண்டுக்குள்,
ஒரு நீலக் கன்டெய்னரைத் தட்டாமல் முட்டாமல்
இன்னொன்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.
வேலை நேரம்.
அம்மா பார்த்திருந்தால்
குறை சொல்ல ஏதுமில்லாமல் எரிச்சல்பட்டிருப்பாள்.